உடையைப் பார்த்தீர்கள், முகத்தைப் பார்த்தீர்களா? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஜப்பானிய ஓவியர் உத்தமாரோவின் மரக்கட்டை அச்சுப் படங்கள் மூன்றை வெளியிட்டிருந்தோம். மூன்றுமே 1790-களில் எடோ நகரத்தில், அதாவது இன்றைய டோக்கியோவில், வாழ்ந்த கணிகையரின் படங்கள். அதற்கு இவ்வளவு கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஒரே விஷயத்தைக் கேட்டவற்றைச் சேர்த்து, இந்த முறை பகுதி முழுவதையும் இதற்கே ஒதுக்கிவிட்டேன்.

படத்தில் இருப்பது கணிகைதான், கெய்ஷா இல்லை, குடும்பப் பெண் இல்லை என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? எனக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரிகிறது.
– கல்லூரி மாணவர், மதுரை

முதலில் இடுப்பைப் பாருங்கள். கிமோனோவின் மேல் சுற்றும் அகலமான பட்டைக்கு ஓபி என்று பெயர். அந்தக் காலத்துப் படங்களில் கெய்ஷா, அதாவது ஆடல் பாடலால் விருந்தினரை மகிழ்விக்கும் கலைஞர், அதை முதுகுப் பக்கம் முடிந்திருப்பாள். உயர்நிலைக் கணிகையான ஓய்ரான் முன்பக்கம், வயிற்றின் மேல் பெரிதாகத் தொங்கும்படி முடிந்திருப்பாள். ஆனால் முன்முடிச்சை மட்டும் வைத்து முடிவு கட்டிவிட வேண்டாம், வயதான பெண்களும் அப்படி முடிவதுண்டு. அடுத்து கொண்டையைப் பாருங்கள். ஆமை ஓட்டில் செய்த நீண்ட ஊசிகள் இரண்டு பக்கமும் கதிர் விரித்த மாதிரி நிற்கும், கெய்ஷாவுக்கு இரண்டு மூன்றுக்கு மேல் இருக்காது. அப்புறம் பாதம். குளிர்காலப் படமாக இருந்தாலும் ஓய்ரானின் கால் வெறுங்காலாகத்தான் இருக்கும், காலுறை போடுவதில்லை. ஊர்வலமாகப் போகும் படமென்றால் கறுப்பு அரக்கு பூசிய உயரமான மரச்செருப்பும், பக்கத்தில் ஒரே மாதிரி உடுத்திய இரண்டு சின்னப் பெண்களும் இருப்பார்கள். அந்தக் குழந்தைகளைக் கமுரோ என்பார்கள். அவர்களைப் பற்றிக் கீழே சொல்கிறேன், அவர்களைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

இதெல்லாம் இல்லாவிட்டாலும் படத்தின் ஓரத்தில் எழுதியே இருக்கும்: இன்ன வீட்டின் இன்னார். ‘ஓகியா வீட்டு ஹனாவோகி’ என்பது மாதிரி. வீடு என்றால் பிறந்த வீடு இல்லை, அவளை வைத்திருந்த விடுதி.

நான் ஓவிய ஆசிரியை. எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் முகங்களில் வித்தியாசமே தெரியவில்லையே. அதே நீள முகம், அதே கோட்டு மூக்கு, அதே சின்ன வாய். இதை உருவப்படம் என்று சொல்வது சரியா?
– கோயம்புத்தூர்

பாதிக்கு மேல் உங்கள் பக்கம்தான் நான்.

ஒவ்வொரு ஓவியனுக்கும் தனக்கென்று ஒரு முகம் இருந்தது. 1765-இல் பல வண்ண அச்சு எடோவில் பரவக் காரணமாக இருந்த ஹருனோபுவின் பெண்கள் எல்லாரும் பொம்மை போல, காற்றடித்தால் விழுந்துவிடுவார்கள் போல இருப்பார்கள். 1780-களில் கியோனாகா வரைந்தவர்கள் எல்லாரும் நெட்டையாக, நிமிர்ந்து, நிதானமாக இருப்பார்கள். யாருடைய படம் என்பதைச் சொல்லும் வேலை முகத்துக்கு இல்லை. உடையில் இருக்கும் குலச்சின்னமும் ஓரத்தில் எழுதிய பெயரும் அதைச் சொல்லிவிடும்.

அந்தப் பெயரும் அவளுடையது இல்லை என்பதுதான் பெரிய விஷயம். ஹனாவோகி, செகாவா, தகாவோ எல்லாம் விடுதியின் சொத்து. ஒருத்தி போனால் அடுத்தவளுக்கு அந்தப் பெயரைச் சூட்டுவார்கள். ஆகவே ‘ஹனாவோகி’ என்று எழுதிய பத்துப் படங்களைப் பார்த்தால் அது ஒரே பெண் என்று நினைத்துவிடக் கூடாது. அவளுடைய அப்பா அம்மா வைத்த பெயர் படத்தில் எங்கேயும் இருக்காது. என்னைக் கேட்டால், இந்தப் படங்களில் பெரும்பாலானவை ஒரு பதவியின் படங்கள். அந்தப் பதவியில் அன்றைக்கு உட்கார்ந்திருந்த பெண்ணின் படங்கள் இல்லை.

அப்படியானால் உத்தமாரோவை ஏன் இவ்வளவு தூக்கி வைத்துப் பேசுகிறோம்? 1790-களின் தொடக்கத்தில் அவர் உடம்பை விட்டுவிட்டு மார்புக்கு மேலே மட்டும் வரையத் தொடங்கினார். நடிகர்களை அப்படி வரைவது முன்பே வழக்கத்தில் இருந்தது. பெண்களுக்கு அதைக் கொண்டுவந்து, பின்னணியில் மரமும் மாடமும் இல்லாமல் வெறும் அப்பிரகப் பொடியை மினுக்கவிட்டு, பார்க்கிறவன் கண் முகத்தை விட்டு நகர முடியாமல் செய்தது அவர்தான். 1793 வாக்கில் வந்த ‘இன்றைய மூன்று அழகிகள்’ படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இருப்பவர்கள் கணிகையர் இல்லை. தேநீர்க் கடைப் பெண்கள் ஒகிதாவும் ஒஹிசாவும், கெய்ஷா டொயோஹினாவும். முதலில் மூன்று பேரும் ஒரே அச்சு என்றுதான் தோன்றும். கொஞ்ச நேரம் பாருங்கள். மூக்குத்தண்டின் வளைவு, இமைக்கோட்டின் சாய்வு, கன்னத்தின் நிறைவு, எல்லாம் மயிரிழை அளவுக்கு மாறும். அந்த மயிரிழையில்தான் அவர் ஆளை வேறுபடுத்திக் காட்டுகிறார். உங்கள் மாணவர்களுக்கு இந்த ஒரு படத்தைக் காட்டினால் போதும்.

இதில் அரசு குறுக்கே வந்ததையும் சொல்ல வேண்டும். கணிகையர் தவிர மற்றப் பெண்களின் பெயரைப் படத்தில் போடக் கூடாது என்று 1793-இல் உத்தரவு வந்தது. உத்தமாரோவும் பதிப்பாளரும் பெயரைப் போடாமல் ஒரு மூலையில் சின்னச் சின்னப் பொருள்களை வரைந்து, விடுகதை மாதிரி பெயரைக் கண்டுபிடிக்க வைத்தார்கள். 1796-இல் அதற்கும் தடை. 1800-இல் பெரிய முகப் படங்களுக்கே தடை. பெயர் போட அனுமதி இருந்தது கணிகைக்கு மட்டும்தான், அவளுக்கோ போட்டுக்கொள்ளச் சொந்தப் பெயர் இல்லை.

இவ்வளவு படம் விற்றதே, அந்தப் பெண்களுக்கு அதில் பங்கு கிடைத்ததா?
– இல்லத்தரசி, திருநெல்வேலி

இல்லை. படத்துக்குப் பணம் போடுபவர் பதிப்பாளர், லாபமும் அவருக்குத்தான். சில சமயம் விடுதிக்காரரோ துணிக்கடைக்காரரோ கூடச் சேர்ந்து செலவு செய்வார்கள். ஏனென்றால் இவை விளம்பரங்கள். 1770-களின் நடுவில் தொடங்கி கொர்யூசாய் வரைந்த ஒரு வரிசை இருக்கிறது, நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள், ஒவ்வொன்றிலும் பெயர் பெற்ற ஒரு கணிகை புத்தாண்டுக்கான புது டிசைன் உடையில் நிற்பாள். துணி வியாபாரமும் நடக்கும், விடுதிக்கும் பேர் கிடைக்கும்.

இதில் கில்லாடி சுத்தாயா ஜூசாபுரோ. 1750-இல் யோஷிவாரா என்ற எடோவின் கணிகையர் பகுதிக்குள்ளேயே பிறந்த பதிப்பாளர், அதன் வாசலுக்கு எதிரே கடை போட்டவர். எந்த விடுதியில் யார் யார் இருக்கிறார்கள், தரம் என்ன, கட்டணம் என்ன என்று சொல்லும் கையேடுகளை விற்றுத்தான் முன்னுக்கு வந்தார். உத்தமாரோவை வளர்த்து விட்டவரும் அவரே. மோன் என்பது அன்றைய சில்லறைக் காசு. ஒரு கிண்ணம் சோபா நூடுல்ஸ் 16 மோன் விற்ற காலத்தில் ஒரு வண்ணப் படம் ஏறக்குறைய 20 மோனுக்குக் கிடைத்தது. படத்தில் இருக்கும் பெண்ணை நேரில் பார்க்கவோ ஒரு ரியோ பொற்காசுக்கு மேல் வேண்டும், ஒரு ரியோ நாலாயிரம் மோனுக்குக் குறையாது. ஊரில் முக்கால்வாசிப் பேர் அவளைக் காகிதத்தில் மட்டுமே பார்த்தார்கள்.

படங்களைப் பார்த்தால் மகாராணி மாதிரி இருக்கிறார்கள். உண்மையிலேயே அப்படித்தான் வாழ்ந்தார்களா? கொஞ்சம் விவரமாக எழுதுங்கள் அம்மா.
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

இல்லை ஐயா. நீங்கள் விவரமாகக் கேட்டதால் விவரமாகவே எழுதுகிறேன்.

யோஷிவாரா 1617-இல் அரசு அனுமதியோடு தொடங்கியது. 1657-இல் எடோவைத் தின்ற பெருந்தீக்குப் பிறகு ஊருக்கு வெளியே, அசகுசாவுக்கு வடக்கே வயல்வெளிக்கு அதை மாற்றினார்கள். சுற்றிலும் அகழி, உள்ளே போக வர ஒரே ஒரு பெரிய வாசல், வாசலில் காவல் சாவடி. ஆண்கள் இஷ்டம்போல் வரலாம், போகலாம். பெண் வெளியே போக வேண்டுமானால் சீட்டு வேண்டும். வெளியிலிருந்து ஏதோ வேலையாக உள்ளே வந்த பெண்ணும் சீட்டைக் காட்டித்தான் திரும்ப முடியும். அகழி எதற்காக வெட்டினார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

உள்ளே இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள். பெரும்பாலும் ஏழைக் குடும்பத்துக் குழந்தைகள். அப்பன் கையில் முன்பணத்தைக் கொடுத்துவிட்டு ஏழு எட்டு வயதில் கூட்டி வந்துவிடுவார்கள். படத்தில் ஓய்ரானுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் அழகாக நிற்கிற கமுரோக்கள் அவர்கள்தான். எடுபிடி வேலை செய்து, எழுத்தும் பாட்டும் கற்று, பதினாறு பதினேழு வயதில் தொழிலில் இறக்கப்படுவார்கள். ஒப்பந்தம் வழக்கமாகப் பத்து வருஷம். கேட்கச் சின்னதாகத் தெரியும். ஆனால் அவள் உடுத்தும் பட்டு, படுக்கை, கொண்டை ஊசி, கூட நிற்கும் கமுரோக்களின் துணிமணி வரை எல்லாம் அவள் கணக்கில்தான் ஏறும். விசேஷ நாள் என்று வருஷத்தில் பல நாட்களைக் குறித்து வைத்திருந்தார்கள், அன்றைக்குக் கட்டணம் இரண்டு மடங்கு. அந்த நாளில் வாடிக்கையாளர் வராவிட்டால் அவளே தன் கையிலிருந்து அந்தத் தொகையைக் கட்ட வேண்டும். ஆக, போன இதழில் நாம் வாய் பிளந்து பார்த்த அந்தப் பட்டு உடை அவளுடைய கடன் பத்திரம். எவ்வளவு அழகாக இருக்கிறதோ அவ்வளவு கடன்.

அதிலும் ஓய்ரான் என்பவள் மேல்தட்டு. கீழே இருந்தவர்களை அநேகமாக யாரும் படமாகப் போடுவதில்லை, உத்தமாரோ போட்டார். 1794-95 வாக்கில் ‘வடநாட்டின் ஐந்து நிற மை’ என்று ஐந்து படங்கள் கொண்ட ஒரு வரிசை செய்தார். யோஷிவாரா நகருக்கு வடக்கே இருந்ததால் அதை வடநாடு என்பது அன்றைய வழக்கம். அதில் ஓய்ரான் கையில் தூரிகையோடு கடிதம் எழுதப் போகிறாள். அதே வரிசையில் ‘தெப்போ’ என்று ஒருத்தி, அகழி ஓரத்து மலிவு அறைகளில் இருந்த கடைசித் தட்டுப் பெண். மேலாடை நழுவி மார்பு தெரிகிறது, அதை அவள் கவனிப்பதாகவே இல்லை. முடி கலைந்திருக்கிறது, பல்லில் ஒரு மெல்லிய காகிதத்தைக் கவ்வியிருக்கிறாள். கண்ணில் யாரையும் கவர வேண்டும் என்ற எண்ணம் துளிகூட இல்லை. இந்தப் படத்தை வாங்கிப் போய் எவனும் விடுதிக்கு ஓடியிருக்க மாட்டான். அப்படியும் வரைந்தார், அச்சாகி வந்தது. உத்தமாரோவை நான் மதிப்பது இந்தப் பெண்ணுக்காகத்தான்.

ஒப்பந்தம் முடிந்து வெளியே போனவர்கள் உண்டு, பணக்காரர் யாராவது கடனை அடைத்து மீட்டுப் போனதும் உண்டு. நோயிலும் நெருப்பிலும் போனவர்களும் நிறைய. கேட்பாரற்று இறந்தவர்களைப் பக்கத்தில் மினோவாவில் இருக்கும் ஜோகன்-ஜி கோயிலில் கொண்டு போய்ப் போட்டார்கள். 1855 நிலநடுக்கத்தில் செத்த பெண்களும் அங்கேதான். சுமார் 25,000 பேர் அங்கே புதைக்கப்பட்டதாகச் சொல்கிறார்கள். கோயில் இன்றும் இருக்கிறது, அவர்களுக்கு ஒரு நினைவுத் தூணும் இருக்கிறது. டோக்கியோ போகிறவர்கள் அசகுசா கோயிலைப் பார்த்த கையோடு அங்கேயும் போய் வாருங்கள், பக்கம்தான்.

மரத்தைச் செதுக்கி இவ்வளவு மெல்லிய முடி எப்படிக் கொண்டுவந்தார்கள்?
– தச்சர், நாகர்கோவில்

உங்களைப் போன்றவர் கேட்பது சந்தோஷமாக இருக்கிறது. மரம் காட்டுச் செர்ரி, இறுக்கமான மரம், நுண்ணிய கோடு உடையாமல் நிற்கும். ஓவியர் மெல்லிய காகிதத்தில் மையால் வரைந்து கொடுப்பார். அதைக் கவிழ்த்துப் பலகையில் ஒட்டி, காகிதத்தோடு சேர்த்தே செதுக்கிவிடுவார்கள். அதனால் மூலப்படம் அங்கேயே அழிந்துவிடும். கோடு மேடாக நிற்க, மற்ற இடமெல்லாம் பள்ளமாகும்.

நெற்றி ஓரத்தில் முடி முளைக்கும் இடத்தைப் பாருங்கள். ஓவியர் அங்கே எல்லையை மட்டும் காட்டியிருப்பார், ஒவ்வொரு மயிரையும் தீர்மானித்தது செதுக்குபவர். பட்டறையில் மூத்த கைக்குத்தான் தலையைக் கொடுப்பார்கள், உடையும் பின்னணியும் இளையவர்களுக்கு. ஆனாலும் படத்தில் ஓவியர் பெயரும் பதிப்பாளர் முத்திரையும் இருக்கும், செதுக்கியவர் பெயர் அநேகமாக இருக்காது. எனக்கு இது மனத்தாங்கல்தான்.

வண்ணத்துக்கு ஒன்றாகத் தனித்தனிப் பலகை. எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று சரியாக விழ, பலகையின் மூலையிலும் ஓரத்திலும் காகிதத்தை அண்டக் கொடுக்க இரண்டு வெட்டுகள் இருக்கும். எந்திரம் எதுவும் இல்லை. மூங்கில் மடலைத் திரித்துச் சுருட்டிச் செய்த வட்டத் தட்டால் காகிதத்தின் முதுகில் தேய்த்துத்தான் அச்செடுத்தார்கள். கழுத்துப்பட்டையில் வெள்ளைக்குள் வெள்ளையாகப் பூவேலை தெரிகிறதே, அது மையே இல்லாமல் அழுத்தி எடுத்தது. படத்தைச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும்.

வான்கோ வரைந்த ஜப்பான் பெண்ணும் இந்த வகைதானா?
– பொறியியல் மாணவி, சென்னை

ஆமாம். மூலம் எய்சென் என்ற ஓவியருடையது, உத்தமாரோவுக்கு அடுத்த தலைமுறைக்காரர். 1886 மே மாதம் பாரிசில் ஒரு பத்திரிகை ஜப்பான் சிறப்பிதழ் போட்டபோது அட்டையில் அந்தப் படத்தைப் போட்டது, அதுவும் இடம் வலம் மாறி. வான்கோ அதை ஒற்றியெடுத்துப் பெரிதாக்கி 1887-இல் எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். அதனால் அவர் படத்திலும் பெண் எய்சென் வரைந்ததற்கு எதிர்ப்பக்கம் திரும்பி நிற்கிறாள். சுற்றிலும் அல்லி, மூங்கில், கொக்கு, தவளை சேர்த்தார். பிரெஞ்சுக் கொச்சையில் கொக்கும் தவளையும் விலைமகளைக் குறிக்கும் சொற்கள். அவள் யார் என்பது வான்கோவுக்குத் தெரிந்தே இருந்தது. படம் ஆம்ஸ்டர்டாமில் அவர் பெயரிலான அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இந்தப் படங்களின் நகல் ஒன்றை வாங்கிக் கூடத்தில் மாட்டினேன். விவரம் தெரிந்த என் அக்கா, ‘பெண்களை விற்ற இடத்து விளம்பரத்தை வீட்டில் மாட்டுவாயா, கழற்று’ என்கிறாள். என்ன செய்ய?
– வங்கி ஊழியர், திருச்சி

உங்கள் அக்கா சொல்வதில் ஒரு வார்த்தை தப்பில்லை. அதற்காகக் கழற்றித்தான் ஆக வேண்டும் என்றும் எனக்குத் தோன்றவில்லை. யார், எங்கே, எப்படி இருந்தாள் என்று தெரியாமல் அலங்காரமாக மாட்டுவதுதான் எனக்கு உறுத்தல். வருகிறவர்கள் கேட்டால் கதையைச் சொல்ல நீங்கள் தயார் என்றால் இருக்கட்டும்.

படத்தை மாற்றுகிற எண்ணம் இருந்தால் ஒன்றைச் சொல்கிறேன். உத்தமாரோ 1794 வாக்கில் யோஷிவாராவின் ஒரு நாளைப் பன்னிரண்டு பொழுதுகளாகப் பிரித்துப் பன்னிரண்டு படங்கள் செய்தார். அதில் எருதுப் பொழுது, நம் கணக்கில் இரவு இரண்டு மணி. ஒருத்தி தூக்கத்திலிருந்து எழுந்து கழிப்பறைக்குப் போகிறாள். ஒரு கையில் எரியும் காகிதத் திரி, இன்னொரு கையில் கொஞ்சம் காகிதம், செருப்புக்குள் கால் சரியாக நுழையவில்லை, கண் பாதி மூடியிருக்கிறது. அந்த நேரத்தில் அவளை யாரும் விலைக்குப் பார்க்கவில்லை. இதுவும் அதே கடைச்சரக்குதான், விற்கத்தான் அச்சிட்டார்கள். இருந்தாலும் அந்தத் தூக்கம் நடிப்பில்லை. அக்காவிடம் இதைக் காட்டிப் பாருங்கள்.

அந்தப் பெண்கள் தங்கள் படத்தைப் பார்த்து என்ன நினைத்திருப்பார்கள்?
– பள்ளி மாணவி, புதுச்சேரி

இந்த முறை வந்ததில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. ஒரு சம்பவம் சொல்கிறார்கள், கொஞ்சம் பிந்தைய காலத்தது. 1872-இல் தகஹாஷி யூஇச்சி என்ற ஓவியர், மேற்கத்திய முறையில் எண்ணெய் வண்ணத்தில் கோய்னே என்ற ஓய்ரானை நேரில் உட்கார வைத்து வரைந்தார். கண்டதைக் கண்டபடி, கன்ன எலும்பு, களைத்த தோல், விறைத்த பார்வை எல்லாம் தெரிய. படத்தைப் பார்த்துவிட்டு, ‘என் முகம் இப்படி இல்லை’ என்று அவள் கோபப்பட்டு அழுதாளாம். அச்சுப் படங்களில் வந்த வழவழப்பான முகத்தையே தன் முகமாக நம்பியிருந்தாளோ, தன் களைப்பை ஊரே பார்க்கப் போகிறதே என்று வலித்ததோ. எனக்கு இரண்டாவதுதான் என்று படுகிறது. படம் டோக்கியோ கலைப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. விலைக்கு வாங்கி வைத்த பெண்களை விடுவிக்கச் சொல்லி அரசு ஆணை போட்டதும் அதே 1872-இல்தான். ஆனால் யோஷிவாரா விடுதிகள் வேறு பெயரில் தொடர்ந்து நடந்தன, விபசாரத் தடுப்புச் சட்டம் 1958-இல் முழுதாக அமலுக்கு வந்த பிறகுதான் மூடினார்கள்.

நல்ல பிரதிகளை இணையத்தில் எங்கே பார்க்கலாம்? நான் பார்த்ததெல்லாம் வெளிறிப் போயிருக்கிறது.
– புகைப்படக்காரர், யாழ்ப்பாணம்

வெளிறியதற்குக் காரணம் வெளிச்சம். அன்றைய நீலம் ஒரு வகைப் புல்பூவின் சாறு, இளஞ்சிவப்பு குசும்பாப்பூச் சாறு, இரண்டும் வெயில் பட்டால் நிற்காது. ஊதா என்பது அநேகமாக இந்த இரண்டும் சேர்ந்தது, அதுதான் முதலில் மங்கிப் பழுப்பாகிவிடும். அதனால் அருங்காட்சியகங்கள் ஒரு படத்தை நீண்ட காலம் வெளியே வைப்பதில்லை.

பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தின் தளத்தில் ஸ்பால்டிங் தொகுப்பு என்று தேடுங்கள். ஸ்பால்டிங் சகோதரர்கள் 1921-இல் சுமார் 6,500 படங்களைக் கொடுத்தபோது, எந்தக் காலத்திலும் காட்சிக்கு வைக்கவே கூடாது என்று நிபந்தனை போட்டார்கள். சுவரில் மாட்டாததால் ஊதா ஊதாவாகவே இருக்கிறது. உத்தமாரோ அதில் நிறைய உண்டு. நீங்கள் புகைப்படக்காரர் என்பதால் சொல்கிறேன், அதே படத்தின் வேறொரு பிரதியை லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத் தளத்தில் திறந்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.